ரேடியம் மேசையில் ஒன்பது வருடம்

எங்கள் பாலிடெக்னிக்கின் பழைய மாணவர் மலரில் அனுபவக் கட்டுரை எழுதுகிறவர்கள் வழக்கமாக அறுபதைத் தாண்டியவர்கள். மின்வாரியத்தில் இருந்தவர்கள், ரயில்வேயில் இருந்தவர்கள். எனக்கு முப்பத்தொன்று. வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. திரும்ப எந்தக் கம்பெனி வாசலையும் மிதிக்கிற எண்ணம் இல்லை என்பதால் என்னையும் ஓய்வு பெற்றவள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

எழுதச் சொன்னவர்கள் எனக்குப் பிறகு அதே கம்பெனியில் சேர்ந்த இரண்டு பெண்கள். என் மேசையில் இப்போது கேமரா வைத்துவிட்டார்களாம். கடிகாரத்தை உள்ளே தள்ளினால் அதுவே சரி, தப்பு என்று சொல்லிவிடுகிறதாம். “அக்கா, நீங்க இத வெறுங்கண்ணால பாத்தீங்களாமே, எப்புடிப் பாத்தீங்கன்னு எழுதுங்க” என்றார்கள். எப்படிப் பார்த்தேன் என்று எழுதுகிறேன். எதைப் பார்க்காமல் விட்டேன் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அது பொய்யாகிவிடும்.

அன்னவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். டிப்ளமோ முடித்த கையோடு விராலிமலைப் பக்கம் இருந்த அந்தக் கைக்கடிகாரக் கம்பெனியில் சேர்ந்தேன். ஆறு மாதம் பயிற்சி. மூச்சு படாமல் குனிவது, விரல் படாமல் எடுப்பது, கீழே விழுந்த திருகாணியைக் காந்தம் வைத்துத் தேடுவது, இவ்வளவுதான் அந்த ஆறு மாதத்தில் கற்றது. ஏழாம் மாதம் என்னைத் தரப் பரிசோதனைக்கு மாற்றினார்கள்.

நாங்கள் செய்தது பழைய மாடல் புதுக் கடிகாரம். ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் கட்டியிருந்த மாதிரியே சின்ன வட்டம், உப்பிய கண்ணாடி, தினமும் சாவி திருகுகிற இயந்திரம். டயல் வெளுத்திருக்க வேண்டும். எவ்வளவு வெளுப்பு என்பதற்கு மூன்று அட்டைகள் இருந்தன: வெளிர்தேன், நடுத்தேன், கருந்தேன். அட்டையோடு பொருந்தாத டயல் தள்ளுபடி. வந்த புதிதில் எங்களுக்குச் சிரிப்பாக வரும். டயல் கழற்றிப் பூட்டுகிற முருகேசன் அண்ணன் முன்னால் ரேடியோ ரிப்பேர் செய்தவர், ஐம்பது வயதுக்காரர். “என்னையவும் ஒரு டப்பாவுல போட்டு அனுப்புங்கம்மா, அட்டையே வேணாம், ஒரிஜினல் கருந்தேன்” என்பார்.

என் மேசையில் நடந்தது ரேடியம் டெஸ்ட். இருட்டில் மினுங்குகிற எதற்கும் நம் பக்கம் ரேடியம் என்றுதான் பெயர். உண்மையில் எங்கள் கடிகாரத்தில் ரேடியம் கிடையாது. வெளிச்சத்தைக் குடித்துவிட்டு இருட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்குகிற ஒரு பூச்சு, அவ்வளவுதான். பழைய கடிகாரங்களில் மணிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு புள்ளி வைத்திருப்பார்கள். வருடங்கள் போனால் அவை செத்துப் பழுப்பேறிவிடும். எங்கள் கடிகாரத்தில் அந்தப் பழுப்பு இருக்க வேண்டும், ஆனால் புள்ளி செத்திருக்கக் கூடாது. பகலில் கிழவி, இருட்டில் குமரி என்பது முருகேசன் அண்ணன் அதற்கு வைத்த பெயர்.

பத்துப் பத்தாகத் தட்டில் வரும். ஐந்து நிமிடம் விளக்கின் கீழ் வைக்க வேண்டும். பிறகு கறுப்பு வெல்வெட் ஒட்டிய பெட்டிக்குள் தட்டைத் தள்ளி, மேலே இருக்கிற ரப்பர் விளிம்பில் முகத்தை வெளிச்சம் புகாமல் அழுத்திக்கொண்டு, மனதுக்குள் முப்பது எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்வரை தெரிவதை நம்பக் கூடாது. அது கடிகாரத்தின் ஒளி இல்லை, நம் கண்ணில் மிச்சம் இருக்கிற விளக்கின் ஒளி. முப்பதுக்குப் பிறகு பார்த்தால் பன்னிரண்டு புள்ளியும் இரண்டு முள்ளும் ஒரே அளவில் பச்சையாகத் தெரிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் சிவப்புச் சீட்டு. சீட்டில் காரணம், தேதி, கையெழுத்து. மற்றவர்கள் இரண்டு எழுத்தைக் கிறுக்கி முடித்துவிடுவார்கள். நான் மலர்கொடி என்று முழுதாகத் தமிழில் போடுவேன். நேரம் ஆகிறது என்று யாரோ சொன்னபோதும் மாற்றிக்கொள்ளவில்லை.

தரப் பிரிவின் பொறுப்பு செந்தாமரை மேடத்திடம். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்பு செய்தால் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். பதிவேட்டில் அந்தத் தப்பைப் பென்சிலால் மெல்லிசாக எழுதுவார். பேனாவை நம்மிடம் கொடுத்து, அந்தப் பென்சில் எழுத்தின் மேலேயே நம்மை எழுத வைப்பார். எழுதி முடிக்கும்வரை வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். “எழுதிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, பென்சில் தடத்தை ரப்பரால் அழித்துவிட்டு எழுந்து போவார். மிச்சம் இருப்பது நம் கையெழுத்து மட்டும்தான். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருக்கும். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: “ஒங்க கண்ணு என்ன சொல்லுதுன்னு எழுதாதீங்க. டெஸ்ட் என்ன சொல்லுதோ அத எழுதுங்க.” எனக்கு அது வேதமாக இருந்தது.

கவிதா என் எட்டாவது வருடத்தில் வந்து சேர்ந்தாள். என் வயதுதான். அன்னவாசலில் வாக்கப்பட்டவள், முள் பூட்டுகிற மேசை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில். வீட்டில் அவளும் மாமியாரும்தான். வேலைக்குப் போகிறேன் என்று இரண்டு வருடம் கேட்டு, மாமியார் கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டிருந்தார்: ஒரு சொல் வெளியிலிருந்து வந்தாலும் அன்றோடு நின்றுவிட வேண்டும். ஆடி மாதம் நிரந்தரப் பணியாளர் பட்டியல் ஒட்டுவார்கள். அதில் பெயர் வந்துவிட்டால் யாரும் சுலபத்தில் நிறுத்த முடியாது என்று அவள் நம்பினாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து நாளை எண்ணுவாள். “ஆடி வரைக்கும் எனக்கு வாயும் இல்ல, காதும் இல்ல மலரு” என்பாள்.

அந்த மாசியில் பெங்களூரிலிருந்து டிசைன் பார்க்கிறவர் வந்தார். படத்தைப் பார்த்துச் செய்தது போதும், நிஜமான பழைய கடிகாரம் வேண்டும், வீட்டில் இருந்தால் கொடுங்கள், அளவெடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்றார். ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். ஒன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. கவிதாதான் பேச்சோடு பேச்சாக அவள் மாமனார் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நான்தான் வீட்டுக்கே போய்க் கேட்போம் என்றேன்.

மாமியார் தனபாக்கியம் அம்மா உள் அறை டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்து வந்தார். அவர் கல்யாணத்தில் அவருடைய அப்பா மாப்பிள்ளைக்குச் சீராகக் கட்டிவிட்ட கடிகாரம். ஆஸ்பத்திரியில் கணவர் இறந்தபோது நர்ஸ் கழற்றி இவர் கையில் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு சாவி கொடுக்கவே இல்லையாம். கம்பெனிப் பெயர் அழிந்து போயிருந்தது. ஏழு மணிக்குப் பக்கத்தில் தேயிலைக் கறை மாதிரி ஒரு கறை. அவ்வளவு அழகான கருந்தேனை நான் எங்கள் அட்டையில்கூடப் பார்த்ததில்லை.

“இவ கேட்டா குடுக்க மாட்டேன். நீ படிச்ச புள்ள, கேக்குற. யாரு பொறுப்பு?” என்றார்.

“நான் பொறுப்புங்கம்மா” என்றேன்.

இரண்டு மாதத்தில் அதைப் பார்த்து மாதிரிகள் தயாராகின. கறையைக்கூட விடவில்லை. ஏழு மணிக்குப் பக்கத்தில் அதே இடத்தில், அதே வடிவத்தில் அச்சடித்திருந்தார்கள். பெங்களூர்க்காரருக்கு ஒரே சந்தோஷம். நான் அரை நாள் விடுப்பில் இருந்த ஒரு காலையில், ஒன்பது மாதிரிகளோடு அசலையும் வார் இல்லாமல் ஒரே தட்டில் வைத்து, எது நிஜம், சொல்லுங்கள் பார்ப்போம் என்று எல்லோரிடமும் விளையாடியிருக்கிறார். ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. கவிதாகூடத் தப்பாகத்தான் காட்டினாளாம். சிரித்துவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். தட்டு எப்படியோ வழக்கமான வழியில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. மத்தியானம் நான் வந்தபோது பத்து கடிகாரம், ஒரு தட்டு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

விளக்கின் கீழ் ஐந்து நிமிடம். பெட்டிக்குள் முப்பது எண்ணிக்கை. ஒன்பது மினுங்கின, ஒன்று இருட்டாகக் கிடந்தது.

அதை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்மூடியில் கீறல்கள் இயல்பாக இருந்தன. சாவி வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. நம் ஆட்கள் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு வேலை செய்தும் ரேடியத்தை வைக்க மறந்துவிட்டார்களே என்று கொஞ்சம் வருத்தமும் பட்டேன். என் கண் ஏதோ சொல்லத்தான் செய்தது. ஆனால் டெஸ்ட் சொன்னதை எழுதினேன். ‘ஒளி இல்லை. டயலைத் துடைத்து மறுபூச்சு.’ கீழே மலர்கொடி.

மறுபூச்சுக்கு முன் டயலை ஒரு திரவத்தால் துடைப்பார்கள். எங்கள் டயலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பழைய புள்ளி மட்டும் கரைந்து போகும். அந்த டயலில் எல்லாமே போய்விட்டது. எண்கள், கறை, கருந்தேன், எல்லாம். சாயங்காலம் கவிதாவும் மற்றவர்களும் பஸ் ஏறிய பிறகு பெங்களூர்க்காரர் அசலைத் தேடியபோதுதான் தெரிந்தது. முருகேசன் அண்ணன் மேசையில் வெறும் பித்தளை வட்டம் ஒன்று கிடந்தது.

திறக்கும்போதே இயந்திரம் வேறாக இருக்கிறது என்று அண்ணனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஏன் கேட்கவில்லை என்று சத்தம் போட்டேன். அவர் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“முழுப் பேரும் போட்டிருந்துச்சேம்மா. படிச்ச புள்ள பாத்து எழுதினதுக்கு மேல நான் என்னத்தக் கேக்குறது?”

செந்தாமரை மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாதிரிகளுக்கு அச்சடித்ததில் மிச்சமான டயல் ஒன்று ஸ்டோரில் இருக்கிறது, அதிலும் பெயர் கிடையாது, அதே அளவுதான், அதே கறைதான், பழைய முள்ளையும் பழைய கூட்டையும் வைத்து அதைப் பூட்டிவிடலாம் என்றார். முருகேசன் அண்ணன் இரண்டு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூட்டினார். முடிந்ததும் நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அட்டை வைத்துப் பார்த்தேன். கறையின் ஓரத்தைக்கூட, அளவெடுத்தபோது எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

“கவிதாகிட்ட சொல்லிடவா மேடம்?” என்று கேட்டேன்.

“சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தப் பொண்ணு நிம்மதிதான் போகும்” என்றார். பிறகு பதிவேட்டில் பென்சிலால் ஒரு வரி எழுதிப் பேனாவை என்னிடம் நீட்டினார். ‘மாதிரிப் பொருள் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. நிலை: நன்று.’ அதன் மேல் எழுதினேன். அந்த வரியோடு ஒரு ரசீதும் போட்டு, அதிலும் கையெழுத்து வைத்தேன். மறுநாள் கவிதாவிடம் கடிகாரத்தையும் ரசீதையும் கொடுத்தேன். பத்திரமா வந்துருச்சா என்று கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். நான் சிரித்தேன். என் ஒன்பது வருடத்தில் செய்த எல்லாக் காரியத்திலும் அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. கவிதா மத்தியானம் வீட்டுக்குப் போய்க் கடிகாரத்தைக் கொடுத்தாள். தனபாக்கியம் அம்மா வாசல் வெயிலில் உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பார்த்திருக்கிறார். கறையைத் தடவிப் பார்த்திருக்கிறார். திருப்திதான். வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, சாயங்காலக் கல்யாண வரவேற்புக்குப் போகச் சேலை எடுப்பதற்காகப் பெட்டியைத் திறந்திருக்கிறார். ஜன்னல் இல்லாத உள் அறை அது. சுற்றியிருந்த துணிக்குள்ளே பச்சையாக மினுங்கியிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் பன்னிரண்டு புள்ளி எரிகிறது, நடுவில் முள் இரண்டும் செத்துக் கிடக்கின்றன.

தினமும் நூறு கடிகாரத்துக்குச் செய்கிற டெஸ்ட்டை அந்த ஒன்றுக்கு மட்டும் நான் செய்யவில்லை. நிறம், கறை, கீறல் என்று கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் பார்த்தேன். இருட்டில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கவிதாவுக்கு எதுவும் தெரியாது. அதே வாட்ச்சுதான் அத்தை என்று சாமி படத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறாள். சத்தியம் செய்யச் செய்ய அவருக்குச் சந்தேகம் கூடியிருக்கிறது. அசலை வெளியில் விற்றுவிட்டுப் போலியை வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார். சிங்கப்பூருக்குப் போன் போனது. திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. போன் அணைத்துக் கிடந்தது. புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் மூலமாக எனக்கு விஷயம் தெரிந்தது. அன்றே போனேன்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தட்டு, பெட்டி, முப்பது எண்ணிக்கை, சிவப்புச் சீட்டு, எல்லாம். தப்பு முழுக்க என்னுடையது, கவிதாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். தனபாக்கியம் அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே போய் அந்த ரசீதைக் கொண்டுவந்தார்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. வாத்தியார் வீட்டுல குடுத்துப் படிச்சுட்டு வந்தேன். நல்ல நெலையில இருக்குன்னு எழுதியிருக்காம்ல. கீழ யாரு கையெழுத்து?”

“என்னோடதும்மா.”

“நீ அன்னைக்கு எழுதினது பொய்யா, இன்னைக்குச் சொல்லுறது பொய்யா தாயி?”

அன்று எழுதியதுதான் பொய் என்றேன். “அப்ப ஒன் கையெழுத்தே பொய்யின்னா, ஒன் வாய நான் எப்புடி நம்புறது? அவ கூட்டாளி நீ. அவள காப்பாத்த வந்திருக்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரசீதை மடித்து மடியில் செருகிக்கொண்டு, “எங்கப்பா கட்டிவிட்டது. அத எடுத்துட்டு எனக்கு வெளக்குக் குடுத்திருக்கீங்க” என்றார். அழிந்த டயலையாவது கொண்டுவந்து காட்டலாம் என்றால், அந்தப் பித்தளை வட்டம் அன்றைக்கே கழிவோடு போயிருந்தது.

கவிதா வாசல் வரை வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. ஒடைஞ்சு போச்சு அத்தைன்னு கால்ல விழுந்திருப்பேன். ஒரு மாசம் வைவாக. அம்புட்டுதான. இப்பத் திருடியாவுல்ல நிக்கிறேன்.”

“கம்பெனியில எழுதி வாங்கிட்டு வாரேன் கவிதா.”

“எம் பேரு பட்டியல்ல வரும்ல மலரு?” என்று கேட்டாள். வரும் என்றேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

செந்தாமரை மேடத்திடம் கடிதம் கேட்டேன். நடந்தது நடந்தபடி, கம்பெனித் தாளில், முத்திரையோடு. அவர் பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். கடிதம் என்றால் அது பெங்களூர்த் தலைமை அலுவலகம் வரை போகும், பதிவேட்டில் இருப்பதற்கு மாறாக எதையும் எழுதித் தரத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். பென்சில் தடம் தெரிகிறதா என்று அந்த வரியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக அழித்திருந்தார். கெட்டவர் என்று அவரை என்னால் சொல்ல முடியாது. அவருக்கும் மேலே ஒரு பென்சில் இருந்திருக்கும்.

அதன் பிறகு மூன்று முறை அன்னவாசலுக்குப் போனேன். முதல் முறை கதவு திறந்தது, பேச்சு இல்லை. மற்ற இரண்டு முறையும் கதவே திறக்கவில்லை. ஊரில் அவளைப் பற்றிப் பேச்சு பரவிவிட்டது. என்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோதுகூட, “கையெழுத்துப் போட்டு முறையாத்தான குடுத்திருக்க, ஒம்மேல என்ன தப்பு?” என்றார்.

ஆடியில் பட்டியல் ஒட்டினார்கள். கவிதாவின் பெயர் ஆறாவதாக இருந்தது. அவள் நின்றுவிட்டதை யாரும் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பெயர் வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு மிட்டாய் கொடுத்தார்கள். ஆறாவது கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. கேன்டீனுக்குப் போக அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த ஒரு வாரமும் நான் சாப்பிடப் போகவில்லை. எட்டாம் நாள் அந்தப் பெயரின் மேல் வெள்ளை மை பூசி, காத்திருந்த வேறு ஒரு பெண்ணின் பெயரை எழுதினார்கள். மத்தியானத்துக்குள் கட்டம் நிறைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ராஜினாமா எழுதினேன். காரணம் என்ற இடத்தில், நான் செய்த தப்பால் ஒரு பெண்ணின் வேலையும் பேரும் போயின என்று ஆரம்பித்து நாலு வரி எழுதினேன். செந்தாமரை மேடம் நின்றபடியே படித்தார். அதைத் திருப்பி என் கையில் கொடுக்காமல் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“சொந்தக் காரணம்னு எழுதுங்க மலர்கொடி. அப்பத்தான் நான் கையெழுத்துப் போட முடியும்.”

எழுதிக் கொடுத்தேன்.